முன்பதிவில் ஒரு விலை, கவுண்டரில் ஒரு விலை

ஹோட்டல் பில் விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: மக்கள் பதறுவது டெபாசிட்டுக்கு, பணத்தை விடுவது கட்டணத்தில். கார்டில் ஒரு பெரிய தொகை குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் நடுராத்திரியில் வங்கிக்குப் போன் போடுகிறவர், அதே ஹோட்டலின் பில்லில் ஒவ்வொரு இரவுக்கும் 'ரிசார்ட் ஃபீ' என்று, ஹோட்டல் வசதிகளுக்கான கட்டாயக் கட்டணம் ஒன்று ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ வரி போலிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார். முன்னது அநேகமாகத் திரும்பி வந்துவிடும். பின்னது போனது போனதுதான். அலுவலகத்தில் பயணப் பில்களைச் சரிபார்க்கும் வேலை பல வருடமாக என் மேஜையில்தான் இருக்கிறது என்பதால், இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டவர்களின் போன் எனக்கு அடிக்கடி வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரு தடவை எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் இது.

டெபாசிட்டை முதலில் முடித்துவிடுகிறேன். செக்-இன் நேரத்தில் உங்கள் கார்டை வாங்கி மெஷினில் போடுகிறார்களே, அப்போது பெரும்பாலும் பணம் எடுக்கப்படுவதில்லை. 'இவருடைய கணக்கில் இவ்வளவு இருக்கிறதா, இருந்தால் எனக்காகத் தனியாக ஒதுக்கி வை' என்று ஹோட்டல் உங்கள் வங்கியிடம் கேட்கிறது, வங்கியும் ஒதுக்கி வைக்கிறது. இதைத்தான் ஹோல்ட் என்கிறோம், பிளாக் பண்ணுவது என்றும் சொல்கிறோம். அறை வாடகைக்கு மேல் நீங்கள் அறையிலேயே சாப்பிட்டது, துணி வெளுக்கக் கொடுத்தது, எதையாவது உடைத்தது என்று பின்னால் வரக்கூடிய செலவுக்கான காப்பு அது. இரவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும் ஹோட்டல்களில் ஐந்து இரவு தங்கினால் ஐந்து மடங்கு பிடிப்பார்கள். ஹோல்டு தொகையைப் பார்த்துவிட்டு இதுதான் பில் என்று நினைத்து மயக்கம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பெருக்கலில் சிக்கியவர்கள்.

கிரெடிட் கார்டு என்றால் உங்கள் கடன் வரம்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், வேறு செலவு இல்லையென்றால் கவனிக்கக்கூட மாட்டீர்கள். டெபிட் கார்டு என்றால் கதையே வேறு. அங்கே ஒதுக்கப்படுவது உங்கள் சொந்தப் பணம். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், முதல் வெளியூர் வேலைக்குப் போன இடத்திலிருந்து கூப்பிட்டான். "அண்ணா, ரூமுக்குக் கம்பெனிதான் கட்டிடுச்சே, அப்புறம் எதுக்கு என் அக்கவுண்ட்ல கை வைக்கிறாங்க? வீட்டு வாடகைக்கு வெச்சிருந்த பணம்ணா." கம்பெனி கட்டியது அறை வாடகை. கவுண்டரில் அவனிடம் கார்டு கேட்டது மற்ற செலவுக்கு. அவன் சம்பளக் கணக்கின் டெபிட் கார்டை நீட்டிவிட்டான். நான் சொன்னது ஒன்றுதான்: திரும்பக் கவுண்டருக்குப் போ, அறைக் கணக்கில் எதையும் எழுதாதீர்கள், சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும் அங்கங்கே கையில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல், ஹோல்டைக் குறைக்க முடியுமா என்று கேள். குறைத்தார்கள். எல்லா ஹோட்டலும் குறைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்காமல் எந்த ஹோட்டலும் குறைத்ததில்லை.

அடுத்த புகார், 'செக்-அவுட் பண்ணி ஒரு வாரமாச்சு, பணம் இன்னும் வரவில்லை'. ஹோட்டலைக் கேட்டால் அன்றைக்கே விடுவித்துவிட்டோம் என்பார்கள், வங்கியைக் கேட்டால் எங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்பார்கள், பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். கடைசி பில் தொகையை எடுக்கும்போது பழைய ஹோல்டோடு அது சரியாகப் பொருந்தினால் மீதி தானாக விடுபடும். பொருந்தாவிட்டால், ஹோல்டு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருக்க, பில் தனியாக இன்னொரு பக்கம் விழும். பார்ப்பவருக்கு இரண்டு தடவை எடுத்துவிட்டது போலத் தோன்றும். செக்-இன்னுக்கு ஒரு கார்டும் செக்-அவுட்டுக்கு வேறு கார்டும் கொடுத்தால் இது நடக்க வாய்ப்பு அதிகம். முதல் கார்டில் இருக்கிற ஹோல்டை யாராவது விடுவிக்க வேண்டும், இல்லையென்றால் அதன் கெடு முடிகிற வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரே கார்டையே கடைசிவரை கொடுங்கள். அவசரம் என்றால், ஹோல்டின் அனுமதி எண்ணை ஹோட்டலில் வாங்கி வங்கியிடம் கொடுங்கள், தேட அவர்களுக்கு ஒரு நூல் கிடைக்கும்.

ஒரு நுணுக்கம் இருக்கிறது, வெளிநாடு போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. சில இடங்களில் டெபாசிட்டை ஹோல்டாகப் போடாமல், கடையில் பொருள் வாங்குவது போல நிஜமாகவே எடுத்துவிடுவார்கள், போகும்போது ரீஃபண்டு செய்வார்கள். கேட்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் எடுத்த அன்றைக்கு ஒரு நாணய மாற்று விகிதம், திருப்பித் தந்த அன்றைக்கு இன்னொன்று, நடுவில் வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் வேறு. ஒன்றும் செலவழிக்காமலே கொஞ்சம் பணம் கரைந்திருக்கும். 'இது ஹோல்டா, சார்ஜா?' என்று கார்டு கொடுக்கும் முன் கேட்டுவிடுவது நல்லது. சார்ஜ் என்றால், கையில் ரொக்கம் இருந்தால் ரொக்கமாகவே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம், வாங்க மாட்டோம் என்றால் அப்புறம் வேறு வழியில்லை.

சரி, டெபாசிட் இத்தோடு போதும். எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது ரிசார்ட் ஃபீ. அமெரிக்காவில் 1990களில் கடற்கரை, கோல்ஃப் வகையறா ஹோட்டல்களில் ஆரம்பித்த பழக்கம் இது. இப்போது கடலும் இல்லாமல் கோல்ஃபும் இல்லாமல் நகரத்து நடுவில் நிற்கும் கட்டடங்கள்கூட வாங்குகின்றன. பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள்: டெஸ்டினேஷன் ஃபீ, அர்பன் ஃபீ, அமெனிட்டி ஃபீ, ஃபெசிலிட்டி ஃபீ. எதற்கு என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும். வைஃபை, ஜிம், நீச்சல் குளம், உள்ளூர் தொலைபேசி அழைப்புகள், தினம் இரண்டு தண்ணீர் பாட்டில். உள்ளூர் அழைப்பு! யார் இந்தக் காலத்தில் ஹோட்டல் அறையின் போனை எடுத்து ஊருக்குள் பேசுகிறார்கள்? இதில் எதையும் நான் தொடவில்லை, கழித்துவிடுங்கள் என்றால் கழிக்க மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒன்றைக் கட்டணம் என்று எப்படிச் சொல்வது? அது வாடகையின் ஒரு துண்டு.

ஏன் துண்டு போட வேண்டும், வாடகையிலேயே சேர்த்துவிட்டால் என்ன? காரணம், நாம் தேடும் விதம். முன்பதிவுத் தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டு, விலை குறைந்தது முதலில் என்று அடுக்கச் சொல்கிறோம். அந்த அடுக்கில் மேலே வருவதுதான் வியாபாரம். லாஸ் வேகாஸின் ஸ்ட்ரிப் சாலையில் ஒரு அறை இரவுக்கு 129 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரிசார்ட் ஃபீ 45. பக்கத்திலேயே இன்னொரு ஹோட்டல், இரவுக்கு 165, ஃபீ எதுவும் கிடையாது. அடிப்படை வாடகையை மட்டும் வைத்து அடுக்கினால் 129 மேலே, 165 கீழே. இப்போது அறை வரியைப் போடுங்கள், அங்கே 13.38 சதவீதம். அந்த வரி ரிசார்ட் ஃபீக்கும் சேர்த்தே விழும் என்பதை மறக்கக் கூடாது. முதல் அறை 197 டாலர் 28 சென்ட். இரண்டாவது 187 டாலர் 8 சென்ட். மலிவு என்று நீங்கள் எடுத்தது பத்து டாலர் அதிகம், அதுவும் ஒவ்வொரு இரவுக்கும். இந்தக் கணக்கில் இரண்டு ஹோட்டலும் என் கற்பனை, ஆனால் நான் பார்க்கும் பில்களில் இந்த மாதிரி இடைவெளி சாதாரணம்.

இன்னொரு காரணம் தளங்களுக்குக் கொடுக்கும் கமிஷன். முன்பதிவுத் தளங்கள் வழக்கமாக அறை வாடகையில்தான் சதவீதம் வாங்கும். வாடகையைக் குறைத்து ஃபீயை ஏற்றினால், அந்த ஃபீ முழுசாக ஹோட்டல் கைக்கு வரும். புக்கிங்.காம் 2019-இல் ரிசார்ட் ஃபீக்கும் கமிஷன் கேட்பேன் என்று அறிவித்ததே, அது சும்மா இல்லை. ஹோட்டல் சங்கிலிகளின் உறுப்பினர் திட்டத்தில் பாயின்ட் சேர்த்து இலவச இரவு வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. வாடகைதானே இலவசம், ஃபீ இலவசம் என்று நாங்கள் எங்கே சொன்னோம் என்று கேட்கும் சங்கிலி ஹோட்டல்கள் இருக்கின்றன. ஹில்டனும் ஹயாட்டும் முழுக்கப் பாயின்டில் எடுத்த இரவுகளுக்கு ரிசார்ட் ஃபீயை விட்டுவிடுகின்றன, மேரியட் அப்படி விடுவதில்லை. இலவசம் என்று நம்பிப் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய வித்தியாசம் இது.

அமெரிக்க அரசு இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது, மெதுவாகக் கவனித்தது. 2012-இல் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 22 ஹோட்டல் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2017-இல் அதே கமிஷனின் பொருளாதாரப் பிரிவு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. மொத்த விலையை முதலில் காட்டாமல் கட்டாயக் கட்டணத்தைத் தனியாகப் பிரிப்பது நுகர்வோருக்குத் தீங்கு, ஒவ்வொரு ஹோட்டலாகத் திறந்து உண்மை விலையைக் கண்டுபிடிக்கும் நேரமும் உழைப்பும் அவர்கள் தலையில் விழுகிறது என்பது அதன் சாரம். 2019-இல் வாஷிங்டன் டி.சி.யின் அட்டர்னி ஜெனரல் மேரியட் மேலும், நெப்ராஸ்காவின் அட்டர்னி ஜெனரல் ஹில்டன் மேலும் வழக்குப் போட்டார்கள். 2021-இல் பென்சில்வேனியாவுடன் செய்த உடன்பாட்டில், முதல் பக்கத்திலேயே மொத்த விலையைக் காட்ட மேரியட் ஒப்புக்கொண்டது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. கடைசியாக நாடு முழுவதற்குமான விதி: ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 டிசம்பரில் அறிவித்தது, 2025 மே 12 முதல் நடைமுறை. இரண்டே துறைகளுக்குத்தான் அது பொருந்தும், நிகழ்ச்சி டிக்கெட்டுகளும் குறுகிய காலத் தங்குமிடங்களும்.

இந்த விதியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ரிசார்ட் ஃபீயை ஒழித்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். இல்லை. வாங்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் விலை என்று ஒரு எண்ணைக் காட்டினால் அதில் கட்டாயக் கட்டணம் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும், அந்த மொத்த எண் மற்ற எண்களைவிடக் கண்ணில் பட வேண்டும். அரசு வரியை அந்த மொத்தத்துக்கு வெளியே வைக்க அனுமதி உண்டு. ஆகவே அமெரிக்காவில் இன்றைக்கும் பணம் கட்டும் பக்கத்தில் தொகை ஏறும். ஏறுவது வரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வரியாக இல்லாவிட்டால் கேள்வி கேட்கலாம். பிரிட்டனில் 2025 ஏப்ரல் 6 முதல் இப்படிச் சொட்டுச் சொட்டாக விலையேற்றுவதற்குத் தடை. கனடா 2022-லேயே தன் போட்டிச் சட்டத்தில் இதைப் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது. மற்ற நாடுகளில் விதி என்ன என்று தெரியாவிட்டால் கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்ப்பதுதான் வழி, கார்டு எண்ணைக் கேட்கும் பக்கத்துக்கு முந்தைய பக்கம்வரை போனால் செலவொன்றும் இல்லை.

வரி என்றதும் ஞாபகம் வருகிறது, 'சிட்டி டேக்ஸ்' என்று கவுண்டரில் கேட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். ஐரோப்பிய நகரங்களில் பலதில் தங்கும் வரி உண்டு, பெரும்பாலும் ஆளுக்கு, இரவுக்கு, ஹோட்டலின் நட்சத்திரத்துக்கு ஏற்ப. முன்பதிவில் கட்டிய தொகையில் அது சேராமல், நேரில் தனியாகக் கேட்பது அங்கே வழக்கம். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை விலையில் 12.5 சதவீதம். துபாயில் அறைக்கு, இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம்வரை. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறைக்கு, இரவுக்கு 10 ரிங்கிட், 2017-இலிருந்து. இதெல்லாம் அரசுக்குப் போகிற பணம், ஹோட்டலிடம் பேரம் பேசிப் பலனில்லை. குழந்தைகளுக்குப் பல ஊர்களில் விலக்கு இருக்கிறது என்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள். கவுண்டரில் இருப்பவர் அதைத் தானாகச் சொல்லாமல் விடுவது உண்டு.

கார்டு மெஷினைத் திருப்பி நீட்டும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. திரையில் இரண்டு தொகை தெரியும், ஒன்று அந்த நாட்டுப் பணத்தில், இன்னொன்று உங்கள் நாட்டுப் பணத்தில். பழகிய நாணயத்தைப் பார்த்ததும் கை தானாக அதற்குப் போகும். வேண்டாம். அந்த நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள். உங்கள் நாணயத்தில் காட்டும் தொகைக்கான மாற்று விகிதம் உங்கள் வங்கி போட்டது அல்ல, மெஷின்காரர்கள் தங்கள் லாபத்தைச் சேர்த்துப் போட்டது. எதை எடுப்பது என்பது கார்டு வைத்திருப்பவரின் உரிமை. ஊழியரே உங்களுக்காக அழுத்திவிட்டுச் சீட்டைக் கொடுத்தால், ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம்.

மினிபார் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சில ஹோட்டல்களில் அதன் தட்டுக்களில் சென்சார் இருக்கும், பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்துக்கொண்டிருந்தாலே கொஞ்ச நேரத்தில் விற்றதாகக் கணக்கு ஏறிவிடும். உங்கள் மருந்தையோ குழந்தையின் பாலையோ உள்ளே வைக்க இடம் வேண்டி அங்கிருப்பதை ஒதுக்கினாலும் அதே கதைதான். தனி ஃபிரிட்ஜ் கேளுங்கள், அல்லது உள்ளிருப்பதை எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

ரத்துக் கெடு விஷயம் அதைவிடப் பெரியது. 'இந்தத் தேதி மாலை 6 மணிவரை இலவசமாக ரத்து செய்யலாம்' என்றால் அது ஹோட்டல் இருக்கும் ஊரின் மணி, உங்கள் சுவர்க் கடிகாரத்தின் மணி அல்ல. கெடு தாண்டினால் பெரும்பாலும் ஒரு இரவு வாடகை போகும், திருப்பித் தராத வகை என்றால் முழுவதும் போகும். முதல் நாள் போகாமல் இரண்டாம் நாள் போய்ச் சேருகிறவர்கள் இதில் இன்னும் மோசமாக மாட்டுவார்கள். வரவில்லை என்று குறித்து, மிச்ச இரவுகளையும் ரத்து செய்துவிடும் ஹோட்டல்கள் உண்டு, அங்கே போய் நிற்கும்போது அறையும் இருக்காது, பணமும் இருக்காது. விமானம் தாமதம் என்று தெரிந்த உடனே ஒரு போன், அதோடு ஒரு மின்னஞ்சல். மின்னஞ்சல் எதற்கு என்றால், போனில் பேசியதற்கு அங்கே எவரும் சாட்சி சொல்ல வர மாட்டார்கள்.

செக்-அவுட்டில் என் வேலையால் வந்த பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். கார்டு ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், அதில் மொத்தத் தொகை தவிர ஒன்றும் இருக்காது. வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள், பாக்கி பூஜ்யம் என்று முடிந்திருக்கிறதா பாருங்கள். காலை நேரக் கூட்டத்தில் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும். தேதி, இரவுகளின் எண்ணிக்கை, தினமும் ஒரே வாடகைதானா, முன்பே கட்டிய தொகை கழிந்திருக்கிறதா, பார்க்கிங் இருந்தால் அது வாடகையில் சேர்ந்ததா தனியா. உங்கள் கார்டு விவரம் ஹோட்டலிடம் இருப்பதால், நீங்கள் போன பிறகும் 'விட்டுப்போன செலவு' என்று ஏற்றிவிட அவர்களால் முடியும். அறையில் புகை பிடித்தார், கம்பளத்தில் கறை என்று பெரிய தொகை வருவது இந்த வழியில்தான். சாவியை ஒப்படைக்கும் முன் போனில் அறையைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துவிடச் சொல்லி எங்கள் ஆட்களிடம் நான் கட்டாயமாகவே சொல்வதுண்டு. கறை என்று வந்த ஒரு பில்லை அந்த வீடியோவை அனுப்பிய மறுநாளே ரத்து செய்தார்கள்.

தவறான தொகை விழுந்துவிட்டால் முதலில் ஹோட்டலின் கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள், கவுண்டருக்கு அல்ல. கவுண்டரில் இருப்பவரின் ஷிஃப்ட் மாறிவிடும், கணக்குப் பிரிவில் கோப்பு இருக்கும். பதில் வராவிட்டால் வங்கியிடம் தகராறு மனு. அமெரிக்கக் கிரெடிட் கார்டு என்றால் 1974-இன் நியாயமான கடன் பில் சட்டப்படி, அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும். மற்ற நாட்டுக் கார்டுகளுக்கு வங்கியின் விதியைப் பாருங்கள், காலவரம்பு எல்லா இடத்திலும் உண்டு. முன்பதிவின்போது தெரிந்த மொத்தத் தொகையின் ஸ்கிரீன்ஷாட், உறுதி மின்னஞ்சல், வரிவரியான பில் மூன்றையும் வையுங்கள். 'நான் ஒப்புக்கொண்ட தொகை இது, எடுத்த தொகை இது' என்று இரண்டு வரியில் சொல்லுங்கள், உங்கள் மனவேதனை வங்கிக்குத் தேவையில்லை.

ரிசார்ட் ஃபீக்கு இந்த மனு பெரும்பாலும் எடுபடாது. முன்பதிவுப் பக்கத்தில் எங்காவது சின்ன எழுத்திலாவது அது இருந்திருக்கும், நீங்களும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் அடித்திருப்பீர்கள். ஹோட்டல் அந்தப் பக்கத்தை வங்கிக்கு அனுப்பினால் விஷயம் முடிந்தது. அதைக் குறைக்க வாய்ப்புள்ள இடம் செக்-அவுட் கவுண்டர் மட்டும்தான், அங்கேயும் பொதுவாக 'இது அநியாயம்' என்று ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது. பட்டியலில் இருந்த எது கிடைக்கவில்லை என்று பெயர் சொல்ல வேண்டும்: நீச்சல் குளம் பராமரிப்புக்காக மூடியிருந்தது, வைஃபை இரண்டாம் நாளிலிருந்து வேலை செய்யவில்லை, அன்றைக்கே கவுண்டரில் சொன்னேன், இன்னாரிடம் சொன்னேன். மேலாளரைக் கூப்பிடச் சொல்லி, குரலை உயர்த்தாமல் இதைச் சொன்னவர்களுக்கு எல்லா இரவுக்கும் இல்லாவிட்டாலும் ஓரிரு இரவுக்காவது கழித்துக் கொடுத்த பில்கள் என் கோப்பில் இருக்கின்றன.